காலியாக விடவேண்டிய கட்டம்

நாட்டின் மிக உயர்ந்த காவல் பதக்கத்தை டம்மி எத்தனை தடவை வாங்கியிருக்கிறான் என்பது அவனுக்கே நினைவில்லை. வீரத்துக்காக வாங்கியிருக்கிறான். சீரிய சேவைக்காக வாங்கியிருக்கிறான். ஒருமுறை மோப்ப நாய்க்காகவும் வாங்கியிருக்கிறான்; அன்று நாய்க்குக் காய்ச்சல். ஆனால் ஒரு பதக்கம்கூட அவன் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, ஏனென்றால் வாங்கியதெல்லாம் ஒத்திகையில்.

டம்மி என்பது அவன் பெயரல்ல, வேலை. பதக்கம் வாங்கப்போகிறவர்கள் பெரிய அதிகாரிகள். வெயிலில் நின்று பழகுவதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை, இடுப்பும் ஒத்துழைப்பதில்லை. அதனால் விழாவுக்கு முந்தைய நாட்களில் ஆயுதப்படைக் கான்ஸ்டபிள்கள் அவர்களுக்குப் பதிலாக நிற்பார்கள். மைதானத்தில் வெள்ளை பெயிண்டில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். மைக்கில் அதிகாரியின் பெயர் கேட்டதும் "ஆஜர் ஐயா" என்று குரல் கொடுத்து, நடந்துபோய், கட்டத்துக்குள் நின்று நெஞ்சை நிமிர்த்த வேண்டும். சட்டைப்பைக்கு மேலே முன்கூட்டியே ஒரு சின்னக் கொக்கி தைத்திருக்கும். ஜனாதிபதி ஊசியோடு போராடக் கூடாது, ஊசியால் யாரையும் குத்திவிடவும் கூடாது. மாட்டினோமா, கை குலுக்கினோமா, அடுத்த ஆளுக்கு நகர்ந்தோமா என்று இருக்க வேண்டும்.

ஒத்திகையில் ஜனாதிபதியாக வருபவர் ஸ்டோர்காரர். அவருக்கு அதற்கான ஒரே தகுதி வயிறு. பதக்கத்துக்குப் பதில் ஸ்டோர் ரூம் சாவியை ரிப்பனில் கட்டி வைத்திருப்பார். மாட்டுவார், கை குலுக்குவார், மறுநொடியே சாவியைக் கழற்றிக்கொள்வார். குடிமக்கள்மேல் துளியும் நம்பிக்கையில்லாத ஜனாதிபதி.

எல்லாக் கட்டத்திலும் ஆள் நிற்பார்கள், ஒரு வகையைத் தவிர. பணியில் இறந்தவர்களுக்கும் பதக்கம் உண்டு. விழாவன்று அவர்களுடைய வீட்டார் வந்து வாங்கிக்கொள்வார்கள். ஒத்திகையில் அந்தப் பெயர் வரும்போது யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். கட்டம் காலியாகக் கிடக்கும். ட்ரில் மாஸ்டர் ஒரு மூச்சு நேரம் தரையைப் பார்ப்பார், பிறகு "அடுத்து" என்பார். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததையே பின்பற்றாத துறை, எழுதாத இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பின்பற்றி வந்தது.

இந்த வருஷம் புதுத் துணை கமிஷனர் வந்தார். முன்பு போக்குவரத்துப் பிரிவில் சிக்னல்களுக்கு நேரம் வைத்துக்கொண்டிருந்தவர். மனிதர்களும் மூன்று நிறத்தில் இயங்குவார்கள் என்று உளமார நம்பினார். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கியதால் அவருக்கும் அதுவே பெயராயிற்று.

"அந்தக் கட்டம் ஏன் காலி?" என்று கேட்டார் ஸ்டாப்வாட்ச்.

"அது ஏட்டையாவோட கட்டம் ஐயா," என்றார் ட்ரில் மாஸ்டர். "அவர் இல்ல."

"லீவா?"

"செத்துட்டார் ஐயா. துணிக்கடை தீப்பிடிச்சதுல."

"சரி, அதுக்கு? ஒத்திகைக்கு ஒரு ஆளை நிறுத்துங்க. காலியா விட்டா டைமிங் தப்புது."

"வழக்கம் இல்ல ஐயா."

"வழக்கத்துக்கு ஆர்டர் இருக்கா?"

"வழக்கத்துக்கு ஏது ஐயா ஆர்டர்?"

"அப்ப என் ஆர்டர வெச்சுக்குங்க. டேய், நீ! போய் நில்லு."

விரல் நீண்டது டம்மியை நோக்கி. நீளும் விரலைப் பார்த்ததும் நகரும் கால்கள் அவனுடையவை. மைக்குக்காரர் ஏட்டையாவின் பெயரைப் படித்தார். "ஆஜர் ஐயா," என்று டம்மி போய்க் கட்டத்துக்குள் நின்றான்.

பாராட்டுரை தொடர்ந்தது. தீப்பிடித்த கடையின் இரும்பு ஷட்டர் பாதியில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. ஏட்டையா உள்ளே குனிந்து புகுந்து, அதைத் தோளால் தாங்கிப் பிடித்தார். எல்லாரும் அவர் காலடியில் தவழ்ந்து வெளியே வந்தார்கள். கடைசி ஆள் வந்தபின் ஷட்டர் இறங்கிவிட்டது. ஏட்டையா உள்பக்கம் இருந்தார்.

டம்மிக்குத் தோள் வலித்தது. வெயில் என்று நினைத்தான். எங்கோ துணி கருகும் வாசனை அடித்தது. லாண்டரி என்று நினைத்தான். அரசாங்க வேலையில் இருப்பவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும்.

அவன் வீடு மாடியில். கீழே செல்போன் ரிப்பேர் கடை. மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். விடியலில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். அன்று சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தாள்.

"மத்தியானம் வந்தப்ப ஒரு வார்த்தை பேசினா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?"

"எந்த மத்தியானம்?"

"இன்னைக்குத்தான். வேற மத்தியானம் எதாவது ஸ்டாக் வெச்சிருக்கீங்களா?"

"மத்தியானம் நான் கிரவுண்டுல இருந்தேன்."

"ஓஹோ. அப்ப சாப்பாட்டுக்கு வந்து உக்காந்தது யாரு, உங்க தம்பியா? வந்தீங்க, நாற்காலியில உக்காந்தீங்க, போட்டத சாப்பிட்டீங்க. தட்ட வேற கழுவி வெச்சீங்க. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்காரோன்னு."

கிண்டல் செய்கிறாள் என்று டம்மி சிரித்தான். தட்டு கழுவுவதைப் பற்றி அவள் இதற்கு முன்பும் பல வடிவங்களில் பேசியிருக்கிறாள். இது புது வடிவம்.

மறுநாளும் ஒத்திகை, மறுநாளும் அதே கட்டம். திரும்பி வரும்போது செல்போன்காரர் கடை வாசலில் வழிமறித்தார்.

"ஏன் சார், நான் எதாவது தப்பா நடந்துக்கிட்டேனா?"

"ஏன்?"

"மத்தியானம் சாப்பிடப் போலாம்னு ஷட்டர இறக்கினேன். படியிலேர்ந்து இறங்கி வந்து தோளக் குடுத்து நிறுத்திட்டீங்க. விடவே மாட்டேங்கறீங்க. 'எல்லாரும் வெளிய வந்தாச்சா?'ன்னு கேக்கறீங்க. கடையில இருக்கறதே நான் ஒருத்தன்தான் சார்."

"அப்புறம்?"

"வந்தாச்சு சார்னு சொன்னேன். உள்ள எட்டிப் பாத்தீங்க. அப்புறம்தான் விட்டீங்க. இரும்ப வெறும் தோள்ல தாங்கினீங்களே, காயம் இல்லையே?"

டம்மி சட்டைக்குள் கை விட்டுத் தோளைத் தொட்டுப் பார்த்தான். குறுக்காக ஒரு தழும்பு தடித்திருந்தது. அவன் எந்த ஷட்டரையும் தொடவில்லை. அதைச் செல்போன்காரரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "பரவால்ல," என்று சொல்லிவிட்டு மாடியேறினான். சாப்பிட உட்கார்ந்தபோது நாற்காலி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த நாள் காலையில் ட்ரில் மாஸ்டரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகப் பிடித்தான்.

"மாஸ்டர், என் வீட்டுக்கு நான் போறேன்."

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குத்தான்டா போவாங்க."

"நான் இங்க இருக்கறப்பவே போறேன்."

ட்ரில் மாஸ்டர் விசிலைச் சட்டையில் துடைத்தார். சுத்தமாக இருந்த விசிலை ரொம்ப நேரம் துடைத்தார்.

"சாப்பிடறானா?"

"தட்டு கழுவறாராம்."

"அப்ப ஏட்டுதான். ட்ரெய்னிங்ல மெஸ்ல எங்க தட்டையெல்லாம் சேத்துக் கழுவுவான், கிறுக்கன்." தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குத்தான்டா அந்தக் கட்டத்த காலியா விடறது. அது அவன் இடம். நீ போய் அதுல நின்னுட்டா அவன் எங்க போய் நிப்பான்? உன் இடம் காலியா கிடக்குல்ல. மாத்து ஆள் வந்தா அவன் இடத்துக்குப் போறதுதானே ட்யூட்டி முறை? போலீஸ்காரன் எங்க போனாலும் போலீஸ்காரன்தான்."

"ஒத்திகை முடிஞ்சா போயிடுவாரா?"

"ஒத்திகைன்னா போயிடுவான். ஆனா நிஜ விழாவுல நீ அதுல நின்னு, நிஜப் பதக்கத்த மாட்டி, மைக்குல சொல்லி, கை குலுக்கிட்டாங்கன்னு வெய்யி. அது அரசாங்க முடிவு. கட்டத்துல நின்னவன் கட்டத்துல நின்னவன்தான், வீட்டுல இருக்கறவன் வீட்டுல இருக்கறவன்தான். அரசாங்க முடிவ எவனாவது மாத்தி நீ பாத்திருக்கியா?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியாததாலதான் இத்தனை வருஷமா காலியா விட்டோம்."

டம்மி நேராக ஸ்டாப்வாட்சிடம் போய் சல்யூட் அடித்தான். "ஐயா, எனக்கு லீவு வேணும்."

"டம்மிக்கெல்லாம் டம்மி போட முடியாது. என்ன காரணம்?"

"வீட்டுக்கு ஆள் வந்திருக்கார் ஐயா."

"விருந்தாளிய உன் சம்சாரம் பாத்துக்க மாட்டாங்களா?"

"அதுதான் ஐயா பிரச்சினை."

ஸ்டாப்வாட்ச் பொத்தானை அழுத்தினார். பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தான். செய்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு ரொம்ப சோர்ந்து உக்காந்திருந்தீங்க," என்றாள். "உடம்புக்கு என்னன்னு கைய பிடிச்சுப் பாத்தேன்."

"ம்."

"நரம்பு கிடைக்கல."

பிறந்த குழந்தைக்கும் நரம்பு கண்டுபிடிப்பவள் அவள். மற்ற லேபில் மூன்று பேர் குத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பிய கையெல்லாம் அவளிடம்தான் வரும்.

"தடவித் தடவிப் பாத்தேங்க. அடுப்புலேர்ந்து இறக்கின பாத்திரம் மாதிரி சுடுது. உள்ள ஒண்ணுமே ஓடல. நான்தான் தூக்கக் கலக்கத்துல இருக்கேன்னு நெனச்சேன்." அவள் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தாள். "அது நீங்க இல்லையா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. நீங்க இல்லையா?"

மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே அவள் போட்டுவிட்டுப் போன காலை நேரத்துப் பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. நாற்காலி கதவை நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஆமாம், நாற்காலியே உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் அவள், "பூட்டியும் பிரயோஜனம் இல்ல. இருந்தே பாத்துடறேன்," என்று வீட்டிலேயே இருந்தாள். ஒத்திகை முடிந்ததும் டம்மி ஓட்டமாக ஓடி வந்தான். கதவு திறந்திருந்தது. படியின் கடைசித் திருப்பத்தில் நின்று பார்த்தான்.

அவள் உள்பக்கம் திருப்பிப் போட்டிருந்த நாற்காலியில் ஒருவன் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். தன் முதுகைத் தானே பார்க்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. டம்மிக்குக் கிடைத்தது. உச்சந்தலையில் ரூபாய் அளவுக்கு வழுக்கை விழுந்திருந்ததை அவனிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அவன் மனைவி நின்றாள். அவள் கண் நாற்காலியையும் படியையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டு இடத்திலும் ஒரே ஆள் இருப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது.

உள்ளே போக வேண்டும் என்று டம்மி நினைத்தான். போக முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை. நிரம்பிய பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கிவிட்டு, இடம் இல்லை என்று இறக்கிக்கொள்வோமே, அப்படி. தன் வீட்டு வாசலில், தனக்கு இடமில்லை என்று அவன் கால் முடிவு செய்துவிட்டது. ஒத்திகை முடிந்துதான் போயிருந்தது. ஆனாலும் அந்த முதுகு அசையவில்லை. டம்மி படியில் உட்கார்ந்து காத்திருந்தான். வெகுநேரம் கழித்து நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தால் காலி.

"ஒவ்வொரு நாளும் அதிக நேரம் இருக்கார்," என்றாள் அவள். குரலில் ஈரமே இல்லை. "ஒரு நாள் எழுந்திருக்காமயே இருந்துட்டார்னா?"

டம்மி உள்ளே போய் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தான்.

ஒத்திகையின் கடைசி நாள் குடும்பத்தினர் வந்து பழகும் நாள். ஏட்டையாவின் மனைவி வந்திருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர். ஊரில் எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆயிரம் பேரிடம் நிதானமாகச் சொல்லிப் பழகிய குரலில்தான் எல்லாவற்றையும் பேசினார். மைக்கில் பெயர் வந்ததும் நடந்துவந்து, கட்டத்துக்கு ஓரடி பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மேடம், கட்டத்துக்குள்ள நிக்கணும்," என்றார் ஸ்டாப்வாட்ச்.

"இது அவர் இடம். அதுல நான் எதுக்கு?"

"விதிமுறை அப்படி மேடம்."

"என்னால முடியாதுங்க."

விதிமுறையிடம் இப்படிப் பேசுபவர்களை ஸ்டாப்வாட்ச் பார்த்ததில்லை. அவரை விட்டுவிட்டு டம்மியிடம் வந்தார். "நாளைக்கு நீ கொக்கி தெச்ச யூனிஃபார்ம்ல ரிசர்வா நில்லு. அந்தம்மா கட்டத்துல நிக்கலேன்னா நான் கை காட்டுவேன். நீ போய் நின்னு, துறை சார்பா பதக்கத்த வாங்கிக்கணும். நேரடி ஒளிபரப்பு. ஒரு கட்டம்கூடக் காலியாத் தெரியக் கூடாது. புரியுதா?"

"ஐயா..."

"புரியுதான்னு கேட்டேன்."

"புரியுது ஐயா."

தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டிருந்தவனிடம் ஏட்டையாவின் மனைவி வந்தார்.

"அவருக்குப் பதிலா நின்னது நீங்கதானா தம்பி?"

"ஆமாம்மா. ஆர்டர்."

"நீங்க நிக்கறப்ப அவர் எங்க போனார்?"

இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்பார் என்று டம்மி எதிர்பார்க்கவில்லை. எத்தனையாவது பிளாட்ஃபாரம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. சொன்னான்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாராம்மா. உப்பு சரியில்லன்னுகூட சொல்லலையாம்."

"சொல்ல மாட்டார். மனசுக்குள்ளயே வெச்சுக்குவார்." அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "எங்க வீட்டுக்கு ஏன் வரல?"

"நான் காலி பண்ணிட்டு வந்தது என் இடத்தம்மா. அதான் அங்க."

"நான் உங்க வீட்டுக்கு வந்து ஒரு தடவை பாக்கலாமா?"

ஒரு தடவை பார்ப்பதென்றால் ஒரு தடவை அவன் மறுபடி கட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு இனி ஒத்திகை இல்லை, நாளைய விழாதான் இருக்கிறது. அதை அவன் சொல்வதற்குள் அவரே கேட்டார்.

"வந்து பாத்தாலும் உங்க மூஞ்சிதான் தெரியும், இல்ல?"

"ஆமாம்மா. என் மூஞ்சிதான்."

"அப்ப வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. வீட்டுலயும் அப்பப்ப அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றதும் முகம் மாறியது. "நாளைக்கு நான் அதுல நிக்க மாட்டேன். நீங்களும் நிக்காதீங்க. நாம எல்லாரும் மாத்தி மாத்தி அவர் இடத்துல ஏறி நின்னுக்கிட்டா, அவர்தான் எங்க போவார் பாவம்?"

"ஆர்டர் இருக்கும்மா. மேல மூணு நிமிஷம்னா மூணு நிமிஷம்னு நேரமெல்லாம் போட்டிருக்காங்க."

"ரயிலுக்கும்தான் நேரம் போட்டிருக்கு," என்றார் அவர்.

விழா நாள் காலையில் டம்மி மனைவியை லேபுக்குப் போகச் சொன்னான். அவள் அசையவில்லை. அவனுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"என் வீட்ட நான் எதுக்கு விட்டுக் குடுக்கணும்? நான் இதுல உக்காந்திருக்கேன். அவர் வந்தா நிக்கட்டும்." பிறகு, அவன் படியிறங்கும்போது, "ஏங்க, போய் நின்னுடாதீங்க. வேலை போனா போகட்டும். எனக்கு உங்கள வெச்சுக்கிட்டு பழகிடுச்சு," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன பெரிய காதல் வசனம் அதுதான்.

மைதானம் கொடிகளால் படபடத்தது. நிஜ ஜனாதிபதி ஸ்டோர்காரரைவிட மெலிந்தவர், அவரைவிடத் தாராளமானவர். மாட்டிய பதக்கங்களைத் திரும்பக் கேட்கவில்லை. பின்வரிசை ஓரத்தில், கொக்கி தைத்த சட்டையோடு டம்மி நின்றான்.

மைக்கில் ஏட்டையாவின் பெயர் ஒலித்தது.

அவர் மனைவி நடந்துவந்தார். கட்டத்துக்கு ஓரடி பக்கத்தில் நின்றார். கட்டம் காலியாக, வெயிலில் பளீரென்று கிடந்தது. ஸ்டாப்வாட்சின் கை இடுப்புக்குக் கீழே சுண்டியது: போ.

டம்மியின் வாழ்க்கையில் அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டு அவன் போகாமல் இருந்ததே இல்லை. குதிகால் தானாக உயர்ந்தது. "ஆஜர் ஐயா" தொண்டை வரை ஏறி வந்துவிட்டது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். தோள்மேல் இரும்பு வந்து உட்கார்ந்தது, அழுத்தியது, இன்னும் அழுத்தியது. சுண்டிய கை மறுபடி சுண்டியது. "போடா!" என்று உதட்டசைவில் வந்தது. வேலை, சம்பளம், பென்ஷன், எல்லாம் அந்த உதட்டில் இருந்தன. டம்மி உயர்ந்த குதிகாலைத் தரையில் இறக்கி வைத்தான். அப்படியே நின்றான்.

"ஆஜர் ஐயா."

குரல் பின்னால், வாயில் பக்கமிருந்து வந்தது. புகை குடித்த மாதிரிக் கரகரத்த குரல். தொடர்ந்து பூட்ஸ் சத்தம்.

அட்டென்ஷனில் தலையைத் திருப்பக் கூடாது என்பது விதி. அன்று அந்த விதியை மீற ஒருவருக்கும் ஆசை வரவில்லை. சத்தம் வரிசைகளுக்கு இடையே நிதானமாக வந்தது. டம்மியின் காதருகே வந்தபோது கருகிய துணி வாசனை அடித்தது, தோளிலிருந்த பாரம் சட்டென்று எழுந்து கூடவே போனது. பூட்ஸ்கள் கட்டத்துக்குப் போயின. ஒன்று, இரண்டு என்று தட்டி நின்றன. அப்படி ஒரு சுத்தமான ஹால்ட்டை ட்ரில் மாஸ்டர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, கேட்டார்.

அந்த விதிக்குக் கட்டுப்படாதவர் ஒருவர்தான். ஏட்டையாவின் மனைவி தலையைத் திருப்பி, டம்மியின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜனாதிபதியின் கண் தட்டில் இருந்தது. பதக்கத்தை எடுத்தார், கையை நீட்டினார், மாட்டினார். கொக்கியில் உலோகம் விழும் சின்னச் சத்தம் முன்வரிசை வரை கேட்டது. அவர் விரல்களை எடுத்தபோது பதக்கம் கீழே விழவில்லை. கையை நீட்டினார். கை மேலும் கீழும் குலுங்கியது. அதன் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டது. உதவியாளர் முழங்கையைத் தொட்டு அவரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நேரடி ஒளிபரப்பில் பாண்டு வாத்தியக் குழுவின் டிரம்மைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், நாடே டிரம்மைத்தான் பார்த்தது.

ஏட்டையாவின் மனைவி திரும்பி நடந்தார். தன் வலப்பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, அந்த வேகத்துக்குத் தன் நடையைச் சரிசெய்துகொண்டு, வாயிலைத் தாண்டிப் போனார்.

ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தைப் பார்த்தார். டைமிங் நொடி பிசகாமல் இருந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவை அது அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. ஆனாலும் கடமை கடமைதானே. அணிவகுப்பு கலைந்ததும் டம்மியைக் கூப்பிட்டு, ஆணையை மீறியதற்காக விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். இனி எந்த ஒத்திகையிலும் அவன் யாருக்குப் பதிலாகவும் நிற்கக் கூடாது, நாளை முதல் குடோன் காவல் என்றார். அதைச் சொல்லும்போது அவர் வெள்ளைக் கட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், பக்கவாட்டாக நகர்ந்து நகர்ந்து போனார்.

டம்மி வீட்டுக்கு வந்தான். கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று, காலைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தான். கால் போயிற்று. இன்னொரு காலும் போயிற்று. மனைவி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தபடி காலையில் இருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"வரல." அவள் உதடு உலர்ந்திருந்தது. "பதினோரு மணி வாக்குல அந்த ரூம்லேர்ந்து யாரோ எழுந்திருச்ச மாதிரி சத்தம். அப்புறம் பூட்ஸ் சத்தம் என்னைத் தாண்டிப் போச்சு. படியில இறங்கிப் போச்சு."

"ஏறி வந்த சத்தம்?"

"கேக்கல. இன்னைக்குப் பூரா யாரும் ஏறி வரல."

ரெண்டு பேரும் அந்த அறையின் கதவைப் பார்த்தார்கள். நேற்று ராத்திரி அவர்கள் தூங்கிய அறை. கீழே செல்போன்காரர் கடகடவென்று ஷட்டரை இறக்கினார். அது யாரும் தடுக்காமல் தரையைத் தொட்டது.

"நீங்க போய் நின்னீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல," என்றான் டம்மி. "நின்ன இடத்துலயே நின்னேன்."